மேசையில் வைத்துச் சுட்டோம்

நான் முதன்முதலில் துப்பாக்கியைத் தொட்டபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. அதற்கு முன் எந்த விளையாட்டும் ஆடியதில்லை. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் வலது கால் சூம்பிவிட்டது. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் ஓடும்போது அவர்களுடைய பைகளையும் செருப்புகளையும் பார்த்துக்கொள்வது என் வேலை. வளர்ந்த பிறகு எங்கள் பர்மிய நகரத்தின் போட்டாதாங் துறையருகே ஒரு கிடங்கில், இந்தியாவுக்குக் கப்பல் ஏறும் உளுந்து மூட்டைகளுக்கு ரசீது அடிக்கும் வேலை கிடைத்தது. கல்யாணம் ஆகவில்லை. க்யிம்யிண்டைங்கில் அண்ணன் வீட்டில், மூன்றாம் மாடியில் இருக்கிறேன். படி ஏற எனக்கு நேரமாகும். எங்கள் வீட்டில் யாரும் எனக்காகப் படியில் காத்து நிற்பதில்லை. நின்றால் எனக்குக் கோபம் வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

சுடுவது என் அண்ணியின் உலகம். அவர் பர்மியப் பெண், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். கல்யாணத்துக்கு முன் தரையில் படுத்துச் சுடும் போட்டிகளில் மெடல்கள் வாங்கியவர். பிறகு அரசுப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை ஆனார். நாற்பது வயதாகும்போது கழுத்தெலும்பு தேய்ந்து, அறுவை செய்து, இனிமேல் குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவர், சுடும்போது போடும் கனமான தோல் சட்டையை எடுத்து மடித்து ஒரு பையில் வைத்தார். பல மாதங்கள் அந்தப் பை கதவோரமே கிடந்தது.

அந்தச் சட்டையைத் துப்பாக்கி சுடும் சங்கத்தில் திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தனியாகப் போக அவருக்கு மனம் வரவில்லை. சுடுதளம் நகரத்தின் வட ஓரத்தில், புல் மண்டிய ஒரு மண் மேட்டை எதிரே வைத்து இருந்தது. தகரக் கூரை. அதன் கீழ் பொறுப்பாளர் ஒருவர், அறுபதைத் தாண்டியவர், வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை எல்லோரும் ஊலே என்றார்கள். தமிழில் மாமா என்பதுபோல. அண்ணி அவரிடம் சட்டையைக் கொடுத்துப் பேசிக்கொண்டிருக்க, கால் வலி தாங்காமல் நான் ஓரமாகக் கிடந்த ஒரு மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். துப்பாக்கிகளின் குறிக்கண்ணாடியைச் சரிபார்க்க வைத்திருந்த மேசை அது. மேலே ஒரு மணல் மூட்டை, அதன்மேல் பழைய பாயின்ட் டூ டூ ரைஃபிள். கண்ணாடிக்குள் பார்த்தேன். ஐம்பது மீட்டருக்கு அப்பாலிருந்த காகிதம் மடியில் வைத்த தட்டுமாதிரி கிட்டே வந்தது.

“ஊலே, இதை இப்படி உக்காந்துகிட்டே சுடலாமா?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். பெண்பிள்ளைகளையெல்லாம் அவர் தமீ, அதாவது மகளே, என்றுதான் கூப்பிடுவார். “சுடலாம் தமீ. வெளிநாட்டுல இதுக்குத் தனிப் போட்டியே இருக்குதாம். கிழவனுங்க, நொண்டிங்க, எல்லாரும் சுடுறாங்களாம்.” சொன்ன பிறகுதான் என் காலைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அண்ணி திரும்பிப் பார்த்து, “மேசை மேல வெச்சு சுடுறது சுடுறதா? பொம்மைக்குச் சட்டை போட்டு விடுற மாதிரி” என்றார். அவர் பேசியது பர்மிய மொழியில். எங்கள் வீட்டில் பாதிப் பேச்சு அப்படித்தான். நான் தமிழில் எழுதுகிறேன்.

அன்று எனக்கு ஐந்து தோட்டா கொடுத்தார்கள். முதல் தோட்டா எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அந்தச் சத்தம் என்னைப் பயமுறுத்தவில்லை. காய்ந்த மூங்கிலை முழங்காலில் வைத்து ஒடித்தால் வருமே, அவ்வளவுதான். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அண்ணி ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் என் வலது கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். என் உடம்பால் ஒரு காரியம் நடந்திருக்கிறது என்ற நினைப்பு எனக்குப் புதிது. அது அன்றைக்கே என்னைச் சந்தோஷப்படுத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் வீணாகப் போயிற்றே என்ற துக்கம்தான் முதலில் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து போனோம். அண்ணி துணைக்கு வருவதாகத்தான் சொன்னார். மூன்றாவது வாரம் அவரும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். உட்கார்ந்து சுட அவருடைய கழுத்து இடம் கொடுத்தது.

எங்கள் இருவருக்குமே இது தெரியாத வித்தை. படுத்துச் சுடுகிறவர்கள் ரைஃபிளைத் தோளோடு இறுக்கிக் கட்டுவார்கள். இதில் அதை எவ்வளவு குறைவாகத் தொடுகிறோமோ அவ்வளவு நல்லது. முன்னால் ஒரு தாங்கி, பின்னால் ஒரு சின்ன மூட்டை, நடுவில் துப்பாக்கி தானாகக் கிடக்க வேண்டும்; விரல் நுனி மட்டும் விசையில். அண்ணிக்கு அது கடைசிவரை கஷ்டமாகவே இருந்தது. பழக்கத்தில் கை போய்ப் பிடித்துக்கொள்ளும். எனக்கோ மறக்க ஒன்றுமில்லை.

தாங்கியை க்யிம்யிண்டைங்கில் படகுக்கு உதிரிப்பாகம் கடைகிற ஒரு பட்டறையில் செய்தோம். எதற்கு என்று அந்த ஆள் கேட்டதற்கு, “தையல் மெஷினுக்கு” என்று அண்ணி சொல்லிவிட்டார். பின்மூட்டையை நான் தைத்தேன். கிடங்கில் சிந்திய உளுந்தைக் கூட்டி எடுத்து அதில் நிரப்பினேன். மழைக்காலம் வந்ததும் மூட்டைக்குள் வண்டு விழுந்து, சுடும்போது என் கைமேல் ஏறியது. அதைப் பார்த்து ஊலே விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணியும் சிரித்தார். அறுவைக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்த முதல் நாள் அது. பிறகு ஆற்று மணலைச் சலித்து, வாணலியில் வறுத்து, ஆற வைத்து நிரப்பினோம்.

குறி அட்டையில் இருபத்தைந்து சின்ன வட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரே தோட்டா. நடுவில் பட்டால் பத்து. மயிரிழை விலகினால் ஒன்பது. திருத்திக்கொள்ள இரண்டாவது தோட்டா கிடையாது. கண்ணாடிக்குள் பார்த்துக் கன்னத்தைத் துப்பாக்கியின் மரக்கட்டையில் வைத்தால் குறிக்கோடு தத்தித் தத்திக் குதித்தது. துப்பாக்கி கோளாறு என்று நினைத்தேன்.

“அது உன் நெஞ்சு அடிக்கிறது, ஞீமா” என்றார் அண்ணி. ஞீமா என்றால் தங்கச்சி. “கன்னத்தை எடு. மூச்சைப் பாதி விட்டு நிறுத்து. நெஞ்சு ரெண்டு அடிக்கு நடுவுல ஒரு இடம் குடுக்கும். அப்போ விசையைத் தொடு.”

அதன் பிறகு காற்று. இந்தச் சின்னத் தோட்டா மெதுவாகப் போகும். கன்னத்தில் உணர முடியாத காற்றுகூட அதைத் தள்ளிவிடும். குச்சிகளில் பட்டு ரிப்பன் கட்டி வழிநெடுக நட்டோம். பக்கத்து மதில் ஓரிடத்தில் இடிந்திருந்தது. அந்த இடைவெளியில் ரிப்பன் ஒரு பக்கம் போகும், அட்டையருகே இன்னொரு பக்கம் போகும். நான் மணிக்கணக்காக உட்கார்ந்து அதைப் பார்ப்பேன். காத்திருப்பது எனக்கு வரும். வாழ்க்கை முழுக்கப் பைகளுக்குப் பக்கத்தில் காத்திருந்தவள்தானே.

அவரவர் ஊரில் சுட்டு, சாட்சிக் கையெழுத்து வாங்கி, அட்டையைப் படம் பிடித்து அனுப்பும் ஒரு தபால் போட்டி இருப்பதை அண்ணி போனில் கண்டுபிடித்தார். பல தேசத்துக்காரர்கள் சேருவார்கள். குளிர்காலத்தில் எங்கள் இரண்டு அட்டைகளையும் அனுப்பினோம். முடிவு வந்தபோது நான் பட்டியலின் அடியில் இருந்தேன். அண்ணி எனக்கும் அடியில் இருந்தார்.

ஒரு வாரம் அவர் என்னோடு பேசவில்லை. சோறு போடுவார், முகம் பார்க்கமாட்டார். அண்ணன் என்னிடம் வந்து, “நீ என்னா பண்ணினே அவளை?” என்று கேட்டான். என்ன சொல்வது? அவரை ஜெயிக்க வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. ஆனால் ஜெயித்தது எனக்குப் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே என் கதவைத் தட்டி, “கிளம்பு. இந்தத் தடவை என் தாங்கியை நான் சரி பண்ணிக்கிறேன்” என்றார்.

அந்த வருஷமே தொற்றுநோய் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். அண்ணன் ஓட்டிய துறைமுக லாரி நின்றது. சுடுதளத்துக்குப் பூட்டு. மணல் மூட்டையைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, அதன்மேல் விளக்குமாற்றுக் கட்டையை வைத்து, மூச்சு விட்டு நிறுத்திப் பழகினோம். பக்கத்துத் தெருவில் பிணங்களைக் கொண்டுபோனார்கள். நாங்கள் கட்டையை வைத்துக்கொண்டு மூச்சு பழகினோம். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மறு ஜனவரியில் ஊலே போன் செய்தார். கொஞ்ச பேருக்கு மட்டும் திறந்திருக்கிறார்களாம். போனோம். அந்தக் காலைப்பொழுதைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் தைரியமில்லை. ரிப்பன்கள் எல்லாம் தொங்கிக் கிடந்தன. அப்படி ஒரு நாள் எங்களுக்கு வாய்த்ததே இல்லை. நான் சுட்ட அட்டையில் நாலு வட்டங்கள் மட்டும் ஒன்பது. மீதி எல்லாம் பத்து. அண்ணி அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, துளைகள் வழியாக வானத்தைப் பார்த்துவிட்டு, என்னைக் கட்டிக்கொண்டார். அவருடைய அட்டையும் நன்றாகவே இருந்தது. ஊலே இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். பிப்ரவரிக்குள் அனுப்ப வேண்டும். அவசரமில்லை, நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பலாம் என்று அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன்.

பிப்ரவரி பிறந்த அன்று காலையில் போன் வேலை செய்யவில்லை. ராணுவம் ஆட்சியை எடுத்துக்கொண்டது என்று கீழ்வீட்டுக்காரர் ரேடியோவில் கேட்டுவிட்டு வந்து சொன்னார். இன்டர்நெட் வரும், போகும், பிறகு வராது. ஒருமுறை அரை மணி நேரம் வந்தது. நான் அட்டையை எடுக்கவில்லை. வெளியே போய் நேரத்துக்கு வராத அண்ணன் எங்கே இருக்கிறான் என்று தேடிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாளில் ஊலே வேறு யாருடைய போனிலிருந்தோ பேசினார்.

“துப்பாக்கிகளை லாரியில ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க, தமீ. பூட்டும் அவங்களோடது. இனிமே இங்க வராதீங்க. வந்ததாவும் சொல்லாதீங்க.”

அண்ணி பள்ளிக்கூடம் போவதை நிறுத்திக்கொண்டார். ராணுவத்தின் கீழ் வேலை செய்யமாட்டோம் என்று பல ஆசிரியர்கள் அப்படித்தான் நின்றார்கள். ராத்திரி ஆனதும், ராணுவத்துக்கு எதிர்ப்பாக, தெருவெல்லாம் பாத்திரம் தட்டும் சத்தம் கேட்கும். நாங்களும் பால்கனியில் நின்று தட்டினோம்.

மார்ச்சில் எங்கள் தெருவிலேயே சுட்டார்கள். நான் சமையல்கட்டில் இருந்தேன். அந்தச் சத்தம் மூங்கில் ஒடிகிற சத்தம் இல்லை. சுவரே இருமுவதுபோல இருந்தது. அண்ணி என் தலையைப் பிடித்துத் தரையோடு அழுத்தி, தானும் படுத்துக்கொண்டார். டாக்டர் எப்படிப் படுக்கக் கூடாது என்றாரோ அப்படியே படுத்தார். அடங்கிய பிறகு பால்கனிக் கம்பி வழியாகப் பார்த்தோம். எதிரே டீக்கடை வைத்திருந்தவர், தினமும் எனக்கு லபெட்யே என்கிற பால் டீ ஊற்றிக் கொடுத்து, கால் வலிக்கும் என்று அவரே எங்கள் படி ஏறிக் கொண்டுவந்து தருபவர், நாற்காலிகளுக்கு நடுவில் கிடந்தார். தெருமுனையில் சிப்பாய்கள் நின்றார்கள்.

அண்ணியின் கண் தெருமுனையிலிருந்து கடைக்குப் போயிற்று. திரும்ப முனைக்குப் போயிற்று. அவர் என்ன செய்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

“ஐம்பது மீட்டர்கூட இருக்காது” என்றார். “இந்தத் தூரத்துல யாருக்கும் தவறாது.”

உடனே எழுந்து போய் வாந்தி எடுத்தார்.

வீடு வீடாகச் சோதனை போடுகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது அண்ணன் அட்டைகளையெல்லாம் எரிக்கச் சொன்னான். “துப்பாக்கி ஓட்டை போட்ட காகிதம் வீட்டுல எதுக்குன்னு கேட்டா என்னா சொல்லுவே? பொம்பளைங்க ரெண்டு பேரு வெளையாடுனோம்னா? நம்புவானா?” அவன் சொன்னது சரிதான். பிஸ்கட் டின்னில் போட்டுக் கொளுத்தினோம். கெட்டி அட்டை, லேசில் பிடிக்கவில்லை. முதலில் துளைகளின் ஓரம்தான் சிவந்தது. கடைசி அட்டையை நான் தயங்கிக் கையில் வைத்திருந்தேன். அண்ணன் கேட்கவில்லை, வாங்கிப் போட்டுவிட்டான். மெடல்களை அண்ணி ஒரு துணியில் முடிந்து கொண்டுபோய், எதிர்க்கரை டாலாவுக்குப் போகும் படகில் ஏறி, ஆற்றில் போட்டுவிட்டு அதே படகில் திரும்பி வந்தார்.

மழை தொடங்கியபோது அவருடைய பழைய மாணவிகள் இருவர் வந்தார்கள். இருபது, இருபத்தொரு வயதிருக்கும். கன்னத்தில் தனக்கா மரச்சாந்து பூசி, கடைக்குப் போகிறவர்கள்போல வந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார்கள். ராணுவத்தோடு சண்டை போட எல்லைப் பக்கம் காட்டுக்குப் போகப்போகிறார்களாம். உயரமாக இருந்தவள்தான் பேசினாள்.

“ஸயாமா, நீங்க எங்களோட வர வேணாம். ஒரு ரெண்டு நாள் சொல்லிக் குடுத்தாப் போதும். எப்படிப் பிடிக்கிறது, எப்படிக் குறி வைக்கிறது. கட்டையை வெச்சுக்கூடச் சொல்லுங்க.” ஸயாமா என்றால் ஆசிரியை.

அண்ணி எழுந்து போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். பிறகு, “நான் காகிதத்தைத்தான் சுட்டேன்” என்றார். “மனுஷங்களைச் சுட என் வாயால சொல்லித் தரமாட்டேன். நீங்களும் போகாதீங்க. அம்மாகிட்ட போங்க.”

“நாங்க போறதுன்னு முடிவு பண்ணிட்டோம், ஸயாமா. தெரிஞ்சுகிட்டுப் போறோமா தெரியாமப் போறோமாங்கிறதுதான் மிச்சம்.”

அவர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். அந்தப் பெண்கள் முழந்தாளிட்டு மூன்று தரம் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். கோபமாகப் போகவில்லை. அதுதான் அண்ணியை அதிகம் வருத்தியது என்று நினைக்கிறேன். அவர் செய்தது சரி என்று எனக்கு அன்று தோன்றியது. இன்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

உயரமான பெண் செத்துவிட்டாள் என்ற செய்தி குளிர்காலத்தில் வந்தது. காட்டுக்குப் போய்ச் சில வாரங்களிலேயே, முதல் சண்டையிலேயே முடிந்ததாம். மற்றவளைப் பற்றி ஒன்றும் தெரியாது, இன்றுவரை. செய்தி கொண்டுவந்தது அந்தப் பெண்ணின் அம்மா. அழாமல் சொல்லிவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். தன் மகள் இந்த வீட்டுக்கு வந்து கேட்டது அவருக்குத் தெரியாது. அண்ணியும் சொல்லவில்லை, சொல்ல வேண்டாம் என்று நான்தான் கண்ணைக் காட்டினேன்.

அன்று அண்ணி சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. “மூச்சைப் பத்தியாவது சொல்லியிருக்கலாம்” என்றார். “அதுக்குத் துப்பாக்கி வேணாம். உக்காந்த இடத்துலயே சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தா அவ இருந்திருப்பாளா, அண்ணி?”

“தெரியாது. சொல்லியிருந்தா வேற யாரோ செத்திருப்பாங்க. அவங்க அம்மா எங்கேயோ தண்ணி வாங்கிக் குடிச்சிருப்பாங்க.”

அதன் பிறகு நாங்கள் சுடுவதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டோம். ஆண்களைக் கட்டாயமாகப் படைக்கு எடுக்கும் சட்டம் வந்தபோது அண்ணன், வயது தாண்டியவன்தான் என்றாலும், பயந்து தாய்லாந்துக்கு வேலைக்குப் போய்விட்டான். இப்போது வீட்டில் நாங்கள் இருவர். நான் போட்டாதாங் போகிறேன், உளுந்து மூட்டைகளுக்கு ரசீது அடிக்கிறேன், வருகிறேன். அண்ணி அக்கம்பக்கத்தாருக்குத் தமேய்ன் பாவாடைகளுக்கு ஓரம் அடித்துக் கொடுக்கிறார். அறுவை செய்த டாக்டர் நாட்டில் இல்லை. அண்ணியின் கழுத்து வரவர மோசமாகிறது; கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. அதனால் தலைக்குக் குளிக்க நான்தான் ஊற்றிவிடுகிறேன்.

சொல்ல வெட்கமாக இருக்கிற ஒன்று உண்டு. இவ்வளவு சாவுக்கு நடுவில், நான் அந்த மேசைக்காக ஏங்குகிறேன். டீக்கடைக்காரருக்காக அழுதேன், அந்தப் பெண்ணுக்காக அழுதேன். ஆனால் ராத்திரியில் என் நெஞ்சு கேட்பது அந்த விசையின் மெல்லிய தொடுதலை. என் உடம்புக்கு வாய்த்த ஒரே காரியம் அது. நாற்பது வயது நெருங்கும்போது வந்தது, வந்த வேகத்தில் போயிற்று. அது போனதற்காகத் துக்கப்பட இந்த ஊரில் யாரிடம் அனுமதி கேட்பது? துப்பாக்கி என்ற சொல்லையே ஆசையோடு நினைக்கிறவள் என்ன மனுஷி?

போன மாதம் ஒரு சாயங்காலம் அண்ணிக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். மின்சாரம் இல்லை. குளியலறைக் கதவைத் திறந்து வைத்து, வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடப் பார்த்தோம். அவர் முக்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். முடி மிகவும் கொட்டிவிட்டது.

“ஞீமா” என்றார். “உனக்கு மறுபடி அங்க போகணும்னு தோணுதா?”

எங்கே என்று நான் கேட்கவில்லை. “இல்லை அண்ணி” என்றேன்.

நுரை அவர் காதோரம் வழிந்தது. நான் கையால் துடைத்தேன்.

“எனக்குத் தோணுது” என்றார். “தினமும் தோணுது. அந்தப் பொண்ணு செத்த சேதி வந்த அன்னிக்குக்கூடத் தோணுச்சு. அதனாலதான் எனக்குத் தூக்கமே வரலை.”

நான் செம்பைத் தொட்டியில் முக்கினேன். எனக்கும்தான் என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. தண்ணீர் குறைவாக இருந்தது. மோட்டார் ஓட மின்சாரம் எப்போது வருமென்று தெரியாது. மிச்சமிருந்ததை மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக, அவர் பிடரியில் இருந்த தழும்பின் மேல் படாமல் ஊற்றினேன்.